நினைவு அட்டைக்குள் அடங்காத அம்மாயி

கத்தோலிக்கர் வீடுகளில் சாவு விழுந்தால் நினைவு அட்டை அடிப்பார்கள். ஒரு பக்கம் மாதா படம். மறுபக்கம் இறந்தவரின் போட்டோ, பிறந்த தேதி, இறந்த தேதி, ஒரு பைபிள் வசனம், அடியில் இரண்டு வரி புகழ்ச்சி. 2018-ல் அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, இறந்தபோது அடித்த அட்டையில் ‘அன்பே உருவானவர், ஏழைகளின் செவிலித்தாய்’ என்று போட்டிருந்தோம். அச்சகத்துக்காரர் ஒரு நோட்டு நிறைய வாசகங்கள் வைத்திருந்தார். அதில் ஒன்றை மாமா தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான். துக்க வீட்டில் யார் உட்கார்ந்து வாக்கியம் யோசிப்பது?

ஆனால் அம்மாயியோடு அரை நாள் இருந்தவர்கள்கூட அந்த வரியைப் படித்தால் சிரித்துவிடுவார்கள். அவர் கறார் பேர்வழி. வீட்டுக்கு வந்த விருந்தாளி நகம் வளர்த்திருந்தால் முதலில் நகவெட்டியை எடுத்து நீட்டுவார், காப்பி அப்புறம்தான். ஜெபமாலை சொல்லும்போது யாராவது கொட்டாவி விட்டால் பத்து ‘மரியே வாழ்க’ சேர்ந்த அந்தப் பத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவருடைய பக்தியும் அவர் பார்த்த அரசு நர்ஸ் வேலையும் பல இடங்களில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. முட்டியதை அவர் மறைக்கவும் இல்லை, இரண்டுக்கும் சமாதானம் செய்துவைக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டே முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டார். அட்டையில் இடம் கிடைக்காத அந்தப் பகுதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஏற்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி, படகு, மே மாதக் கோடை விழா. அங்கே கத்தோலிக்கம் என்றால் போர்டிங் பள்ளிகள். 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட்டில் படித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிச் சுவர்களுக்கு வெளியே இன்னொரு கத்தோலிக்கக் கூட்டம் உண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியை மலைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் அந்தக் காப்பியை நம்பிக் கூலிக்கு ஏறிவந்து லைன் வீடுகளிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இவை. பழம் பறிப்பது, களை வெட்டுவது, சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பது இவர்கள் வேலை. அம்மாயி அப்படி ஒரு லைன் வீட்டில் 1944-ல் பிறந்தார்.

அவருடைய அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பூசைக்குரிய பதில்கள் மொத்தமும் லத்தீனில் மனப்பாடம். அர்த்தம் கேட்டால் ‘அது சாமிக்குத் தெரியும்’ என்பாராம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் முடிந்து பூசை தமிழுக்கு வந்த பிறகும் அம்மாயி வீட்டு ஜெபத்தை மாற்றவில்லை. எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ‘அருள் நிறைந்த மரியே’. அம்மாயி சொல்வது ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’. ஒரே ஹாலில் இரண்டும் கலந்து ஒலிக்கும். முடிக்கிற இடத்தில் எப்படியோ எல்லோரும் சேர்ந்து ஆமென் போட்டுவிடுவோம்.

கன்னியர் மடத்தை ஒட்டி ஒரு சின்ன மருந்தகம் இருந்திருக்கிறது. பள்ளி விட்டதும் அங்கே போய்ப் பஞ்சு உருட்டுவது, கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பது, காயத்துக்கு நீல மருந்து தடவுவது. பெண் மடத்தில் சேர்ந்துவிடும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அம்மாயிக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. ‘கல்யாணம் பண்ணிக்கணும்னும் ஆசை இருந்துச்சு கண்ணு, அதுல என்ன வெட்கம்?’ என்று என்னிடம் சொன்னார். இரண்டு வருஷத் துணைச் செவிலியர் பயிற்சி, 1966-ல் அரசு வேலை, அடுத்த வருஷம் எஸ்டேட் லாரி டிரைவரான அப்புச்சியோடு கல்யாணம். போஸ்டிங் போட்டது அதே மலையில். வேறு யாரும் அங்கே போகச் சம்மதிக்கவில்லை என்பதுதான் காரணம்.

அந்த வேலையின் பெயர் அவ்வப்போது மாறி, கடைசியில் கிராம சுகாதார செவிலியர் என்று நின்றது. ஊருக்கு என்றைக்கும் நர்சம்மாதான். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்பது பின்னாளில் வந்த அரசுக் கணக்கு. மூவாயிரம் பேர் ஒரே தெருவில் இருந்தால் சரி. மலையில் அவர்கள் ஆளுக்கொரு சரிவில் இருப்பார்கள். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளம், ஒரு ஓடை, யாருடையதோ ஒரு தோட்டம். மழைக்காலத்தில் ரத்தம் உறிஞ்சும் அட்டை. காலில் புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினாலும் திரும்பி வரும்போது பாவாடை ஓரம் ரத்தமாக இருக்கும் என்று அம்மா சொல்வாள்.

மேலே பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள், சேர்வராயன் சாமியைக் கும்பிடுபவர்கள். அம்மாயி போன புதிதில் பிரசவத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. ஊருக்கு ஊர் மருத்துவச்சி இருந்தார். தொப்புள்கொடியை வீட்டு அரிவாளில் அறுத்து, மேலே சாம்பலோ சாணமோ வைப்பது வழக்கம். குழந்தை முதலில் நன்றாகப் பால் குடிக்கும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகும், உடம்பு விறைக்கும், போய்விடும். காத்து கருப்பு என்பார்கள். மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற டெட்டனஸ் கிருமி அறுத்த கொடி வழியாக உள்ளே போகிற கதையைச் சொல்லி மருத்துவச்சியை ஜெயிக்க முடியாது என்று அம்மாயிக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அடுத்த முறை போகும்போது புது பிளேடும் கொதிக்க வைத்த நூலும் கொண்டுபோய்க் கொடுத்தார். ‘உங்க அருவா மழுங்கிப்போச்சு ஆயா, இது சுருக்கா அறுக்கும்.’ அவ்வளவுதான் சுகாதாரக் கல்வி. கர்ப்பிணிகளுக்கு டி.டி. ஊசி போடுவதெல்லாம் அந்த பிளேடுக்குப் பின்னால் மெல்ல மெல்ல நடந்தது.

அவருடைய பையில் நான் கையில் எடுத்துப் பார்த்து ஆச்சரியப்பட்ட பொருள் ஒன்று உண்டு: சளி உறிஞ்சும் குழாய். சின்ன பிளாஸ்டிக் டப்பி, அதிலிருந்து இரண்டு குழாய்கள். ஒன்றின் முனை குழந்தையின் வாயில், மற்றொன்றின் முனை நர்சின் வாயில். பிறந்த குழந்தை அழாமல் கிடந்தால் நர்ஸ் தன் மூச்சால் உறிஞ்சுவார். சளி டப்பியில் தங்கிவிடும், நர்சின் வாய்க்கு வராது என்பது ஏற்பாடு. ‘வராதுன்னுதான் சொல்வாங்க’ என்று முகத்தைச் சுளித்தார் அம்மாயி. முதலில் வாய், அப்புறம்தான் மூக்கு. மாற்றிச் செய்தால் மூக்கில் குழாய் பட்ட அதிர்ச்சியில் குழந்தை ஒரு மூச்சு இழுக்கும், வாயில் இருப்பதெல்லாம் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு துணியால் முதுகைத் தேய்ப்பது, உள்ளங்காலைச் சுண்டுவது. இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாழைக்காயை வைத்துச் செய்துகாட்டினார்.

அப்போதுதான் ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். பெற்றோர் எந்த மதமாக இருந்தாலும் கொடுக்கலாம் என்று பழைய மிஷனரிகள் அதைப் பெரிய புண்ணியமாகவே கணக்கு வைத்தார்கள். எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது. பெற்றவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பிள்ளைக்கு எதையும் செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறவன் நான். ‘நீங்க செஞ்சிருக்கீங்களா அம்மாயி?’

‘மூச்சு வரலைன்னா ரெண்டு கையும் வேலையா இருக்கும். தண்ணி எடுக்க மூணாவது கைக்கு எங்க போறது?’ என்றார். வாழைக்காயைக் கூடையில் திரும்ப வைத்தார். பிறகு, ‘எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் சிலுவை போட்டிருக்கேன். என் நெத்தியில’ என்றார்.

மருந்து வாங்கவும் மாதாந்திர மீட்டிங்குக்கும் சேலத்துக்கு இறங்கி ஏற வேண்டும். ஏற்காடு பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். வளைவுக்கு ஒரு மரியே வாழ்க வீதம் மேலே போய்ச் சேர்வதற்குள் இரண்டு பத்து முடித்துவிடுவார். வாந்தி வராமல் இருக்க அதுதான் மருந்து என்பார். மடியில் தடுப்பூசிப் பெட்டி. உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பாக்கெட், நடுவில் மருந்துக் குப்பிகள். போலியோ சொட்டு மருந்து சூட்டில் கெட்டுப்போகும், முத்தடுப்பு ஊசி மருந்து உறைந்தால் கெட்டுப்போகும். இரண்டையும் ஒரே பெட்டியில் எடுத்துப்போக வேண்டும். பஸ்ஸில் யாராவது அந்தப் பெட்டியின்மேல் கூடையை வைத்தால் அம்மாயியிடமிருந்து வரும் வார்த்தைகளில் பக்தியின் வாசனையே இருக்காதாம்.

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. தவக்காலம் தொடங்குவதும் புதன்கிழமை. விடியற்காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, அதைத் துடைக்காமல் நேராக வேலைக்குப் போவார். தாய்மார்கள் வருஷா வருஷம் ஆச்சரியப்படுவார்கள். ‘நர்சம்மா இன்னைக்கித் திருநீறு வச்சிருக்காங்க, நல்ல நாளுங்களா?’ என்பார்கள். ‘நல்ல நாள்தான், பிள்ளையைக் குடு’ என்று ஊசியை எடுப்பாராம். அன்றைக்கு ஒருசந்தி வேறு. ஒரு வேளைச் சாப்பாட்டோடு சாயந்திரம் வரை நிற்க வேண்டும்.

சரி, முட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். 1968-ல் போப் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடை கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். அதே காலத்தில் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை முழு வேகத்தில் முடுக்கிக்கொண்டிருந்தது. அம்மாயி இரண்டு பேருக்கும் ஊழியம் செய்கிறவர். நெருக்கடி நிலை வந்தபோது வேகம் வெறியானது. ஒவ்வொரு நர்சுக்கும் இத்தனை ஆபரேஷன் என்று கணக்கு. ‘கேஸ் பிடிப்பது’ என்று அதற்குப் பெயர். கேஸ் கொண்டுவராதவர்களை மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்டார் ஒரு மேலதிகாரி. அப்புச்சிக்கு அப்போது விபத்தில் கால் போய் வேலை இல்லை. அம்மாயி கேஸ் பிடித்தார். பெண்களைக் கூட்டிக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார், பக்கத்தில் படுத்திருந்து பார்த்துக்கொண்டு திரும்பக் கொண்டுபோய் விட்டார்.

அந்த வருஷத்திலிருந்து அவர் நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற நற்கருணை, வாங்குவதை நிறுத்திவிட்டார். பூசைக்கு ஒரு நாளும் தவறவில்லை. பாட்டு, ஜெபம் எல்லாம் உண்டு. நன்மைக்கு வரிசை எழும்போது மட்டும் முழங்காலில் அப்படியே இருப்பார். அம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. தன் அம்மா என்ன பாவம் செய்தாள் என்று பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் கேட்பார்களாம். இதை எந்தக் குருவானவரும் செய்யச் சொல்லவில்லை. அவரே தனக்கு விதித்துக்கொண்டது. வேலையையும் விட மாட்டேன், செய்தது சரி என்று சாதிக்கவும் மாட்டேன். எனக்கு இது இன்றைக்கும் அதிகப்படியான தண்டனையாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டதால் மரியாதையும் இருக்கிறது.

1983-ல் மாற்றல் வாங்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கினார். சேலத்துக்கு மேற்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே சில வீடுகளில் அவருக்குக் காப்பி தனி டம்ளரில் வந்தது. கிறிஸ்தவர் என்பதாலா, எந்தச் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் என்று விசாரித்து வைத்திருந்ததாலா என்று கேட்டால், ‘வலி வந்து கத்தறப்போ எந்தக் கையின்னு யாரும் பார்க்கலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். காப்பியை வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அந்தப் பக்கத்தில்தான் பெண் சிசுக்கொலை. சேலத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தி இல்லை. கள்ளிப்பால், எருக்கம்பால், நெல்மணி என்று முறைகளைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. 1992-ல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கிய இடமே சேலம். அதற்குப் பிறகும் 2001 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது ரெஜிஸ்டரைப் பற்றி. குழந்தை இறந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. எடைக்குறைவு, மூச்சுத்திணறல், வயிற்றுப்போக்கு என்று எழுதலாம். மூன்று கிலோவில் நல்லபடியாகப் பிறந்து மூன்றாம் நாள் செத்துப்போன மூன்றாவது பெண்ணுக்கு என்ன எழுதுவது? அதற்கு ஒரு சொல் புழக்கத்தில் இருந்தது: ‘சமூகக் காரணம்’. ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளைப் புரட்டி எண்ணிப் பார்த்தது இந்தச் சொல்லைத்தான். அம்மாயியும் எழுதியிருக்கிறார். எழுதிய அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார் என்று அம்மா சொல்வாள். கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்களாம்.

போலீசுக்குச் சொல்லலாமே என்று நான் காலேஜில் படிக்கும்போது வீராவேசமாகக் கேட்டேன். ‘சொன்னா ஜெயிலுக்குப் போறது அந்தப் பச்சை உடம்புக்காரி. மாமியாளும் புருஷனும் வீட்டுல இருப்பாங்க. மறுநாள்லேர்ந்து ஒருத்தியும் எனக்குக் கதவு திறக்க மாட்டா’ என்றார். அவர் கண்டுபிடித்த வழி தராசு. குழந்தையை எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு, கொக்கியில் தொங்க ஒரு துணித் தூளி. ஏற்கெனவே இரண்டு பெண் இருக்கிற வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் மறுநாள் காலையில் தராசோடு போய் நிற்பார். அடுத்த நாளும் போவார். அதற்கு அடுத்த நாளும். விதிப்படி அத்தனை முறை போகத் தேவையில்லை. ‘நாளைக்கும் எடை பார்க்கணும், மேலிடத்துல கேக்கறாங்க’ என்று பொய் சொல்வார். நாளைக்கு எடை எழுத ஆள் வரும் என்றால் இன்றைக்கு ராத்திரி கை வராது என்பது அவர் கணக்கு. திண்ணையில் வைத்துத்தான் எடை போடுவார், உள்ளே போகமாட்டார். முதல் வாரத்தில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். அதை வாய்க்குள் முணுமுணுத்து எழுதிக்கொள்வார். அப்புறம் ஏற ஆரம்பித்தால், ‘அம்பது கிராம் ஏறியிருக்கு, ராசாத்தி!’ என்று தெருக்கோடி வரை கேட்கும். அக்கம்பக்கத்துக் கிழவிகள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு பத்து நாளைக்குத் தெருவுக்கே சொந்தமாகிவிடும். பத்து நாள் பால் கொடுத்த தாயின் கையிலிருந்து பிடுங்குவது சுலபமில்லை.

எல்லா வீட்டிலும் இது பலிக்கவில்லை. எத்தனை வீட்டில் பலிக்கவில்லை என்பதை அவர் சொன்னதில்லை.

1993 ஈஸ்டர் இரவுப் பூசையில் அம்மாயி நன்மைக்கு வரிசையில் எழுந்து நின்றார். அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி நான் கைக்குழந்தை. திகைத்துப்போய் வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கிறாள். ‘சேசுவுக்கும் எனக்கும் பேசி முடிச்சாச்சு’ என்பதுதான் பதில். என்ன பேசினார் என்று வேறொரு சமயம் என்னிடம் கொஞ்சம் கசிந்தது. ‘நாலாவது வேண்டாம்னு ஆபரேஷனுக்கு வந்தவளைப் பாவின்னு நினைச்சேன். நாலாவதைப் பெத்துட்டு என்ன செய்வான்னு பார்த்ததுக்கு அப்புறம் எப்படி நினைக்கறது?’ இதைத் திருச்சபை ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சபையை விட்டு விலகவும் இல்லை, சபையோடு வாதாடவும் இல்லை. ஆபரேஷனுக்கு இலக்கு வைப்பதை அரசு 1996-ல் கைவிட்டபோது அவர் ஆபீசில் லட்டு வாங்கிக் கொடுத்தார் என்று அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் முப்பதாம் நாள் பூசையில் சொன்னார். கருக்கலைப்பு விஷயத்தில் மட்டும் கடைசி வரை இறங்கி வரவில்லை. கேட்டு வந்தவர்களை இன்னொரு நர்சிடம் அனுப்பிவிடுவார். அனுப்பினால் மட்டும் பாவம் இல்லையா என்று கேட்டால் கோபம் வரும்.

1995 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. பின்னாளில் அவை ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. காலை ஏழு மணிக்கே பூத்தில் இருக்க வேண்டும், பூசைக்கு வழியில்லை. சனிக்கிழமை சாயந்திரப் பூசை ஞாயிறுக் கடனுக்குச் செல்லும் என்று குருவானவர் சொன்னதை அம்மாயி நம்பாமல் இன்னொரு பங்குக் குருவிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டார். டாக்டர் ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் கேள் என்று எங்களுக்குச் சொல்கிற அதே புத்தி. இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்துவிட்டது என்று டிவியில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஏதாவது உருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ‘அந்த ஐஸ் பெட்டியை எவ்வளவு திட்டியிருப்பேன்’ என்றார்.

2002-ல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. அரிசிப்பாளையத்தில், குழந்தை இயேசு பேராலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு. வீடு பார்க்கப் போனபோது தண்ணீர் வருமா என்று மாமா கேட்க, மணிச்சத்தம் கேட்குமா என்று அம்மாயி கேட்டாராம். பாட்டியாக அவர் அத்தனை சுகமானவர் இல்லை. கதை சொல்லத் தெரியாது. சொன்னாலும் நடுவில் யாருக்காவது ரத்தப்போக்கு வந்துவிடும். காய்ச்சல் என்று படுத்தால் கொஞ்சல் கிடையாது, கக்கத்தில் தெர்மாமீட்டர்தான். தெருமுனைத் தட்டுவடை செட் எங்களுக்குத் தடை, கடைக்காரர் காசு வாங்கிய கையோடு சட்னி தடவுகிறார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அந்திப் பூசை முடிந்து வரும்போது அவர் மட்டும் அங்கே நின்று சாப்பிட்டுவிட்டு வருவதை நானும் தங்கையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறோம். ‘எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு’ என்றார், வெட்கமே இல்லாமல்.

காப்பி விஷயத்தில் மட்டும் எஸ்டேட்காரி. மலையிலிருந்து கொட்டை வரவழைத்து வறுத்து அரைப்பார். சிக்கரி கலந்த பொடி போடுகிற வீட்டில் மோர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக் குடிப்பார்.

நோயாளியாக அவர் மகா மோசம். சர்க்கரை வந்த பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், டாக்டர் பேச்சை மட்டும் கேட்கமாட்டார். கடைசியாகப் படுத்தபோது குருவானவர் வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். எண்ணெய் தொட வந்த விரலைப் பார்த்து, ‘ஃபாதர், கை கழுவுனீங்களா?’ என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார். மறுநாள் விடியலில் போய்விட்டார் அம்மாயி.

அரசு ரெஜிஸ்டர்கள் அரசிடம் போய்விட்டன. ஆனால் அவர் தனக்கென்று வருஷத்துக்கு ஒரு டைரி வைத்திருந்தார். அவை அம்மாவின் பீரோவில் இருக்கின்றன. நாள், வீடு, ஆணா பெண்ணா, எடை, பிறந்த நேரம். மூன்றாவது பெண் என்றால் ஓரத்தில் சிவப்பு மையில் 3 என்று ஒரு எண். ஜாதகம் பார்ப்பது முதல் கட்டளைக்கு விரோதம் என்று சாதிக்கிறவர், ஒவ்வொரு குழந்தையும் பிறந்த நேரத்தை மட்டும் நிமிஷக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். எப்படியும் கேட்டு வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். பள்ளியில் சேர்க்கக் குத்துமதிப்பாகத் தேதி கொடுத்துவிட்ட பிள்ளைகளுக்கு உண்மையான பிறந்த நாள் அந்த டைரிகளில்தான் இருக்கிறது.

போன ஐப்பசியில் அந்த மேற்கத்தி ஊரிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், 1997-ல் நர்சம்மாதான் பிரசவம் பார்த்தார், நேரம் வேண்டும். அம்மா டைரியை எடுத்தாள். ராத்திரி 2.40, பெண், 2 கிலோ 700. ஓரத்தில் சிவப்பு 3. படித்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான் அம்மாவுக்கு ஒன்று உறைத்தது. அம்மாயி தன் எச்.எம்.டி. கடிகாரத்தை என்றைக்கும் பத்து நிமிஷம் முன்னால் வைத்திருப்பார், முதல் பஸ்ஸும் முதல் பூசையும் தவறிவிடக் கூடாது என்று. டைரியில் எழுதும்போது அந்தப் பத்து நிமிஷத்தைக் கழித்தாரா இல்லையா?

திரும்பப் போன் செய்து, 2.30 ஆகவும் இருக்கலாம் என்றாள். அவர்கள் ஜோசியரிடம் இரண்டையும் கொடுத்தார்கள். அன்றைக்கு 2.35-க்கு நட்சத்திரம் மாறுகிறதாம். 2.40 என்றால் பார்த்து வைத்த வரனுக்குப் பொருத்தம் மூன்றுதான், 2.30 என்றால் எட்டு. நீங்களே ஒன்றைச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண்மணி மறுபடி கேட்டபோது, எங்கம்மா கடிகாரம் வேகமாத்தான் ஓடும், 2.30-ன்னு வச்சுக்கோங்க என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணம் தையில் நடந்தது. அம்மா போய் மொய் வைத்துவிட்டு வந்தாள். சாப்பாடு நன்றாக இருந்ததாம், பரிமாறியவர்கள் கையுறை போட்டிருந்தார்களாம்.